தண்ணீர் வேண்டாம், பொறுமை போதும்: வீட்டிலேயே நட் பட்டர் அரைக்கும் முறை

முதன்முதலாக நான் பாதாம் பட்டர், அதாவது பாதாமை மட்டும் இளகும்வரை அரைத்த விழுது, செய்தபோது, நான்கு நிமிடம் ஓட்டியும் ஜாரில் உலர்ந்த மாவுதான் இருந்தது. எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். அரை நிமிடத்துக்குள் எல்லாம் களிமண் போல இறுகி, பிளேடைச் சுற்றி அப்பிக்கொண்டது. அதற்கு மேல் எவ்வளவு ஓட்டியும் அது பட்டராகவில்லை. பட்டராவதற்குத் தேவையான எண்ணெய் முழுவதும் அந்தப் பாதாமுக்குள்ளேயே இருந்தது. இன்னும் ஏழெட்டு நிமிடம் பொறுத்திருந்தால் அது தானாக வெளியே வந்திருக்கும். அன்று எனக்கு அது தெரியாது.

புதிதாக அரைக்க உட்காருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். செய்முறையில் வேறு எதுவும் கடினமில்லை. நல்ல பருப்பு வேண்டும், அளவாக வறுக்க வேண்டும், அரைக்கும்போது அவசரப்படக் கூடாது. மூன்றில் கடைசியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வேர்க்கடலை பட்டர் இருக்க, வேறு நட் பட்டர் ஏன்?

வேர்க்கடலையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 26 கிராம் புரதம் இருக்கிறது. பாதாமில் 21, முந்திரியில் 18, வால்நட்டில் 15. புரதம் மட்டும்தான் கணக்கு என்றால் வேர்க்கடலையே முன்னால் நிற்கிறது. மற்றவற்றைத் தேடிப் போவதற்குக் காரணங்கள் வேறு. சிலருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு ஒரே சுவை அலுத்துவிடும். அதோடு ஒவ்வொரு நட்டிலும் ஒவ்வொரு சத்து தூக்கலாக இருக்கிறது. 100 கிராம் பாதாமில் சுமார் 25 மில்லிகிராம் வைட்டமின் ஈ உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம்தான். வால்நட்டில் தாவர வகை ஒமேகா 3 கொழுப்பு 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம் இருக்கிறது. பாதாமிலோ முந்திரியிலோ அது பெயரளவுக்குத்தான்.

ஆரோக்கியம் என்று பார்த்தால், எந்த நட்டை எடுக்கிறோம் என்பதைவிட அதோடு எதைச் சேர்க்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. கடையில் வாங்கும் பாட்டில்களில் பலவற்றில் சர்க்கரை இருக்கும். எண்ணெய் மேலே மிதந்து நிற்காமல் இருக்க பாமாயிலோ ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெயோ சேர்ப்பதும் உண்டு. வீட்டில் அரைத்தால் ஒரே ஒரு பொருள், விரும்பினால் கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பெரும்பாலான நட்ஸில் 100 கிராமுக்கு 550 முதல் 700 கலோரி வரை இருக்கும். அரைத்துவிட்டால் மெல்லும் வேலை இல்லாததால், சாப்பிடும் அளவும் தெரியாமல் ஏறும். ஒரு மேசைக்கரண்டி பட்டர் என்பது கிட்டத்தட்ட 100 கலோரி. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும்

வேர்க்கடலை மண்ணுக்குள் காய்க்கும் பயறு வகை. பாதாம், முந்திரி, வால்நட், ஹேசல்நட் எல்லாம் மரத்தில் விளைபவை. அதனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாது என்று கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு ஒவ்வாமையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிதும் இல்லை. ஆகவே, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பாதாம் பட்டர் கொடுத்துப் பார்க்கலாமே என்று வீட்டில் சோதனை செய்யாதீர்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் பரிசோதனை செய்து, எது பாதுகாப்பானது என்று தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள்.

முந்திரியும் பிஸ்தாவும் நெருங்கிய உறவுத் தாவரங்கள். ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றதற்கும் பெரும்பாலும் இருக்கும். வால்நட்டுக்கும் பெக்கானுக்கும் இதே உறவுதான். நட்ஸ் எதுவுமே கூடாது என்பவர்கள் சூரியகாந்தி விதை, பூசணி விதைப் பக்கம் போகலாம். எள் விதைதான் என்றாலும் அதுவும் பலருக்குக் கடுமையான ஒவ்வாமை தருவது, எனவே அதை விதைதானே என்று எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கும் பாக்கெட்டில் வேர்க்கடலை கையாளும் இடத்தில் அடைக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேர்க்கடலை அரைத்த ஜாரையே இதற்கும் எடுக்காதீர்கள். பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் ஒட்டியிருக்கும் மிச்சம் கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஜாருக்குள் நடப்பது என்ன?

நட்ஸின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. முந்திரியில் 44 சதவீதம், பாதாமில் 50, வால்நட்டில் 65. இந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. பிளேடு அந்த அறைச் சுவர்களை உடைத்துக்கொண்டே போகிறது. முதலில் கொஞ்ச அறைகள்தான் உடையும். அதனால் தூள் கிடைக்கிறது. இன்னும் உடைய உடைய எண்ணெய் கசிந்து தூளை ஈரமாக்குகிறது. போதுமான எண்ணெய் வெளியே வந்ததும், மிச்சமிருக்கும் சன்னமான துகள்கள் அதில் மிதக்க ஆரம்பிக்கின்றன. அந்த நிலைதான் பட்டர்.

தண்ணீர் விட்டால் ஏன் கெடுகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. துகள்களில் உள்ள புரதமும் மாவுச்சத்தும் தண்ணீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயில் நழுவ வேண்டியவை கட்டியாகிவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி ஈரம்கூட இதற்குப் போதும். தேன், பேரீச்சம்பழம், பாகு எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஜார், பிளேடு, கரண்டி, பாட்டில் எல்லாம் துடைத்து நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

எதில் தொடங்கலாம்?

முந்திரியில் தொடங்குங்கள் என்பேன். மென்மையானது, தோல் கிடையாது, கசப்பு கிடையாது, கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். முதல் முறையே நைசாக வந்துவிட்டால் அடுத்ததற்குத் தைரியம் வரும். வால்நட் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் இளகும், ஆனால் அதன் தோல் கசக்கும். பாதாம் கடினமானது, நேரம் எடுக்கும். அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் சேராத, வறுக்காத நட்ஸ் வாங்குங்கள். வாங்கியதும் முகர்ந்து பாருங்கள், ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள். சிக்கு வாடையோ, பழைய பெயின்ட் போன்ற நெடியோ, நாக்கின் பின்புறம் காறலோ இருந்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம். அரைத்தால் அந்த வாடை குறையாது, கூடும்.

பிறகு ஒரு தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். பூசணம் பிடித்தது, கறுத்தது, சுருங்கியது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சில வகைப் பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. அது கல்லீரலைத் தாக்கக்கூடியது, வறுத்தாலும் முழுமையாக அழியாது.

வறுப்பது

பச்சையாகவும் அரைக்கலாம். ஆனால் புதியவர்களுக்கு வறுத்து அரைப்பதையே சொல்வேன். வறுத்தால் ஈரம் போய்ப் பருப்பு மொறுமொறுப்பாகிறது, எண்ணெய் எளிதாக வெளியே வருகிறது, மணமும் கூடுகிறது.

ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உள்ளே வையுங்கள். முந்திரிக்கும் வால்நட்டுக்கும் 8 முதல் 10 நிமிடம், பாதாமுக்கும் ஹேசல்நட்டுக்கும் 12 முதல் 15 நிமிடம். நடுவில் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி. எனவே கடிகாரத்தைவிட மூக்கை நம்புங்கள். மணம் வர ஆரம்பித்ததும் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு பாதாமை எடுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிர் பழுப்பு நிறம் தெரிய வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசப்பு ஏறும். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வறுபடும் என்பதால், சற்று முன்னதாகவே எடுத்து வேறு தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது.

வாணலியில் வறுப்பதானால் அடி கனமான வாணலி, சிறு தீ, கை விடாமல் கிளறல். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

அப்புறம் ஆற விடுங்கள். முழுக்கக் குளிர வேண்டியதில்லை. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் பிரியும். கொதிக்கக் கொதிக்க ஜாரில் போட்டு மூடினால் ஆவி தண்ணீராகி உள்ளே சொட்டும், மோட்டாருக்கும் நல்லதல்ல.

ஊறவைத்த பாதாமில்தான் செய்வேன் என்பவர்கள், அது உள்ளுக்குள்ளும் உலர்ந்து, உடைத்தால் படக்கென்று முறியும் அளவுக்கு ஓவனில் குறைந்த சூட்டில் பல மணி நேரம் காயவைக்க வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது போதாது. உள்ளே ஈரம் நின்றால் பட்டரும் இறுகும், பாட்டிலில் பூசணமும் வரும்.

அரைப்பது

ஃபுட் பிராசஸர் இருந்தால் வேலை சுலபம். மிக்ஸியிலும் வரும். ஆனால் மிக்ஸி மோட்டார் சீக்கிரம் சூடாகும், அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். சின்ன ஜாரில் 150 கிராம், நடுத்தர பிராசஸரில் 250 முதல் 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைவாகப் போட்டால் பருப்பு சுவரோரம் ஒதுங்கி, பிளேடு வெறுமனே சுற்றும். நிரம்பப் போட்டால் மேலே இருப்பது அப்படியே நிற்கும். இரண்டு கப் நட்ஸ் போட்டால் சுமார் ஒரு கப் பட்டர் வரும்.

முதலில் விட்டு விட்டு ஓட்டி உடையுங்கள். முழுப் பருப்பின் கடகட சத்தம் அடங்கியதும் தொடர்ந்து ஓட்டலாம். ஒன்றிரண்டு நிமிடத்தில் கொரகொரப்பான தூள் கிடைக்கும். நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளி மறுபடி ஓட்டுங்கள். அடுத்து, தூள் ஈர மணல் மாதிரி ஆகி ஓரங்களில் அப்பும். இங்கே பல தடவை வழிக்க வேண்டியிருக்கும். இன்னும் ஓட்டினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு உருண்டையாகி ஜாருக்குள் உருளும், எந்திரம் திணறுகிற மாதிரி சத்தம் மாறும். புதியவர்கள் கைவிடுவதும் தண்ணீரைத் தேடுவதும் இந்த நேரத்தில்தான். இரண்டு நிமிடம் எந்திரத்துக்கு ஓய்வு கொடுங்கள், உருண்டையைக் கரண்டியால் உடைத்துப் பரப்புங்கள், திரும்ப ஓட்டுங்கள். திடீரென்று அந்த உருண்டை உடைந்து, பளபளப்பாகத் தளர்ந்து, பிளேடைச் சுற்றி மெல்ல ஓட ஆரம்பிக்கும். அதைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகவே நான் இன்னும் கையால் வழித்து வழித்து அரைக்கிறேன்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். கரண்டியிலிருந்து நாடா போல விழும் பதம் வரும். வால்நட்டுக்கு மொத்தம் 3 முதல் 5 நிமிடம் போதும். முந்திரிக்கு 8 முதல் 10, பாதாமுக்கு 10 முதல் 15. இது ஓய்வு நேரம் சேராத கணக்கு. மோட்டார் வலு குறைந்தால் இன்னும் நீளும். பட்டர் தொட முடியாத அளவு சூடானாலோ, மோட்டாரில் கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

உப்பைக் கடைசியில் சேர்க்கலாம், இரண்டு கப் நட்ஸுக்குக் கால் டீஸ்பூன். பட்டைத் தூள், கோகோ, ஏலக்காய்த் தூள் என்று சேர்ப்பதெல்லாம் உலர்ந்த பொடியாக இருக்கட்டும். இனிப்பு வேண்டுமென்றால் சாப்பிடும்போது தட்டில் தேன் விட்டுக்கொள்வதுதான் சரியான வழி.

ஒவ்வொன்றின் குணம்

பாதாம் தோலோடு அரைத்தால் பழுப்பு நிறமும் லேசான துவர்ப்பும் இருக்கும், நார்ச்சத்தும் போகாது. எனக்குத் தோலோடுதான் பிடிக்கும். வெள்ளையாக வேண்டுமென்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலைப் பிதுக்கிவிட்டு, மறுபடி உலர்த்தி வறுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் பாதாமில் அதிகம் என்பதை மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும். முந்திரி இயல்பிலேயே இனிப்பானது, மாவுச்சத்தும் மற்றவற்றைவிடக் கூடுதல்; ஆறியதும் கெட்டியாகும். ஹேசல்நட்டை வறுத்த சூட்டோடு ஒரு துணியில் கட்டித் தேய்த்தால் தோல் உதிரும். கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. வால்நட்டுக்கும் அதே மாதிரி தேய்ப்பு கசப்பைக் குறைக்கும். பாதி வால்நட், பாதி முந்திரி என்று கலந்தால் கசப்பே தெரியாது. நான் அதிகம் செய்வது அந்தக் கலவைதான்.

பிரேசில் நட்டை மட்டும் முழுப் பாட்டிலாக அரைக்காதீர்கள். அதில் செலினியம் என்ற தாதுச்சத்து மிக அதிகம். ஒரே ஒரு கொட்டையே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடக்கூடும். தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் உடம்பில் அது நச்சாகச் சேரும். மணத்துக்காக மற்ற நட்ஸோடு இரண்டு மூன்று சேர்த்தால் போதும்.

சூரியகாந்தி விதைக்கு 15 நிமிடம்வரை ஆகும், பாதி வழியில் ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய் கேட்கும். அந்த பட்டரை வைத்து பிஸ்கட், கேக் செய்யும்போது சமையல் சோடா சேர்த்தால் ஆறிய பிறகு உள்ளே பச்சை நிறம் தட்டலாம். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்வதால் வரும் நிறம் அது. பூசணம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

சரியாக வராவிட்டால்

பத்து நிமிடம் தாண்டியும் தூளாகவே நின்றால், பருப்பு பழையதாக உலர்ந்துபோயிருக்கலாம், அல்லது ஆறிக் குளிர்ந்திருக்கலாம். ஓவனில் இரண்டு மூன்று நிமிடம் லேசாகச் சூடாக்கி மறுபடி முயலுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மணமில்லாத எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதிகபட்சம் இரண்டு. எண்ணெய் விடுவதில் தவறேதும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது.

நாக்கில் நெருடினால் இன்னும் ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். கசந்தால் வறுவல் அதிகமாகிவிட்டது. முந்திரி சேர்த்து அரைத்து ஓரளவு சமன் செய்யலாம்.

என்னைப் போலத் தண்ணீர் பட்டு இறுகிவிட்டால், அது இனி பட்டராகாது. ஆனால் வீணும் இல்லை. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேலும் அரைத்தால் வெளுத்து, கிரீம் போல இளகும். சாலட்டுக்கோ சூப்புக்கோ சாஸாக அன்றே பயன்படுத்திவிடுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

பாட்டிலில் அடைத்த பிறகு

முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். கண்ணாடி பாட்டில் நல்லது, வாய் அகலமாக இருந்தால் கலக்க வசதி. ஒன்றிரண்டு நாளில் எண்ணெய் மேலே மிதக்கும். பயப்பட வேண்டாம், அதைக் கொட்டவும் வேண்டாம். கொட்டினால் அடியில் இருப்பது கல்லாகிவிடும். நன்றாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி பிரிவது மெதுவாகும். மூடியை இறுக்கித் தலைகீழாக வைப்பது இன்னொரு வழி.

ஃப்ரிட்ஜில் பாதாம், முந்திரி, ஹேசல்நட் பட்டர் ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். வால்நட் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். சின்ன அளவாக அரைத்து மூன்று நான்கு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். எடுக்கும் கரண்டி ஒவ்வொரு முறையும் உலர்ந்ததாக இருக்கட்டும். எந்த நாளிலும் முகர்ந்து பார்த்து வாடை மாறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்குக் கரண்டியோடு அள்ளிக் கொடுக்காதீர்கள். கெட்டியான பட்டர் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கக்கூடும். ரொட்டியில் மெல்லியதாகத் தடவியோ, கூழில் கரைத்தோ கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கானால் அதில் தேன் கூடவே கூடாது.

பிளேடுக்கு அடியிலும் ஜாரின் ஓரத்திலும் ஒரு கரண்டி அளவாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை வழிக்க முடியவில்லை என்று கழுவிவிடாதீர்கள். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரை அந்த ஜாரிலேயே ஊற்றி அரை நிமிடம் ஓட்டுங்கள். ஓரமெல்லாம் சுத்தமாகி, குடிக்க ஒரு கப் நட்ஸ் பால் கிடைக்கும்.